வெறும் தறி

ரெண்டு நாளா இந்தப் படம் மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டிருக்கு, எழுதி இறக்கி வச்சாதான் வேற வேலை ஓடும் போல. வங்காள இயக்குநர் ரித்விக் கட்டக்கோட கடைசிப் படம், 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ', 1974. தலைப்புக்கு அர்த்தம் தர்க்கம், விவாதம், கதைன்னு வச்சுக்கலாம். நீலகண்ட பாக்சிங்கிற குடிகார அறிவுஜீவியா அவரே நடிச்சிருக்காரு, மகனா வர்ற பையனும் அவரோட சொந்த மகன்தான். பாதி இடத்துல இது படமா டாக்குமெண்டரியான்னே பிரிச்சுப் பாக்க முடியல.

குடிச்சு அழிஞ்ச ஒருத்தர் தன்னப் பத்தி எடுத்துக்கிட்ட படம்னு இத ஒதுக்குறவங்கள பாத்தா எனக்கு நெஜமாவே கோவம் வருது. ஏன்னா அந்தக் குடிய அவரு ஒரு எடத்துலயும் மறைக்கல, நியாயப்படுத்தவும் இல்ல. பொண்டாட்டி துர்கா பையன கூட்டிக்கிட்டு வீட்ட விட்டுப் போறா, மனுசன் அந்த ஃபேன மட்டும் விட்டுட்டுப் போன்னு கேக்குறாரு. அவ போனதும் அதையும் வித்து சாராயம் வாங்கிக் குடிச்சிடுறாரு. தன்னோட கதையில இத தானே நடிச்சுக் காட்ட எவ்வளவு நேர்மை வேணும்னு யோசிங்க.

ஆனா அந்த மனுசன் ஏன் அப்படி ஆனான்னு புரியணும்னா 1961ல அவர் எடுத்த 'கோமல் காந்தார்'ல ஒரு சீன் பாக்கணும். லால்கோலா, பத்மா நதிக்கரை. ரயில் தண்டவாளம் அங்க முடிஞ்சுபோகுது. ஒரு காலத்துல அக்கரைக்குப் போறவங்க வந்து இறங்கின எடம், அக்கரை இப்ப வேற நாடு. நதியப் பாத்துக்கிட்டு ரெண்டு பேரு பேசிக்கிட்டிருக்காங்க, அப்புறம் கேமரா அந்தத் தண்டவாளம் மேல தடதடன்னு ஓடுது, ஓடி முட்டுக்கட்டையில போய் மோதுது, திரை கருப்பாயிடுது. அவ்வளவுதான். 1925ல டாக்காவுல பொறந்தவரு, 1947ல பொறந்த ஊரே வெளிநாடா போச்சு. பஞ்சாப் பிரிவினைன்னா ரத்தம், ரயில்னு நமக்கு ஒரு படமாவது மனசுல வரும், வங்காளத்துல அது வருசக்கணக்கா கசிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு, அகதி காலனி காலனியா. அவரோட 'மேகே டாகா தாரா' படத்துல குடும்பத்துக்காகவே தேஞ்சு போற அந்த நீத்தா இருந்ததும் அப்படி ஒரு காலனியிலதான்.

ஜுக்தியில 1971 வங்கதேச விடுதலைப் போர்ல கிழக்கு வங்காளத்துல இருந்து தப்பி வந்த ஒரு பொண்ணு நீலகண்டன் வீட்டு வாசல்ல வந்து நிக்குது. பேரு பங்கபாலா, வங்கத்துப் பொண்ணுன்னு அர்த்தம். கொடுக்க அவர்கிட்ட ஒரு வீடு கூட மிச்சமில்ல. அவளையும் கூட்டிக்கிட்டு நடக்குறாங்க, வேலையில்லாத பையன் ஒருத்தன், சமஸ்கிருத வாத்தியார் ஒருத்தர், எல்லாருமே இடம் இழந்தவங்க. காட்டுல நக்சல் பசங்கள பாக்குறப்ப அவரு தத்துவம் எதுவும் பேசல, நான் குழம்பிப்போய் கிடக்குறேன்னு ஒத்துக்குறாரு. அந்த வயசுல, அந்தப் பேரு இருக்குற எந்தப் பெரிய மனுசன் இளவட்டங்ககிட்ட அத சொல்லுவாரு?

விடியக்காலைல போலீஸ் சுட்டு, சாகுற நேரத்துல துர்காகிட்ட மாணிக் பந்தோபாத்யாய் எழுதின ஒரு கதைய ஞாபகப்படுத்துறாரு. மதன்னு ஒரு நெசவாளி, மகாஜன், அதாவது நூல் குடுக்குற முதலாளி, அவன் குடுக்குற நூல வாங்கி நெய்ய மாட்டேன், கூட இருக்குறவங்களுக்குத் துரோகம் பண்ண மாட்டேன்னு தறிய நிறுத்திட்டவன். ராத்திரி பாத்தா அவன் வீட்ல தறிச் சத்தம். ஊரே ஓடிவந்து கேக்குது. தறி மிதிக்காம காலெல்லாம் பிடிச்சுப்போச்சு, அதான் நூலில்லாம வெறும் தறிய ஓட்டினேங்குறான். ஏதாவது ஒண்ணு செஞ்சாகணுமே, இல்லையா? இந்த எடத்துல நான் உடைஞ்சுட்டேன்.

இதுக்கு முந்தின படத்தப்பவே காசநோய், 1976 பிப்ரவரியில ஐம்பது வயசுலயே போயிட்டாரு. இந்தப் படம் தியேட்டருக்கு வந்தது 1977ல. நம்ம 'அக்ரகாரத்தில் கழுதை' எடுத்த ஜான் ஆபிரகாம் புனே திரைப்படக் கல்லூரில இவர்கிட்ட படிச்சவருதான், அந்தப் படமும் அதே 1977.

பாக்குறவங்க கோமல் காந்தார முதல்ல பாத்துட்டு இதுக்கு வாங்க. லால்கோலா சீன மட்டும் ஹெட்போன் போட்டுக்கிட்டுப் பாருங்க.