'சொன்னதைச் செஞ்ச கைகள்' என்று சிரித்தவருக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆன்லைன் சினிமா கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். பார்க்காதவர்களுக்கு வீடியோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, லிங்க் போட எனக்கு மனசு வரவில்லை. ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு நேரத்தில் அந்தப் படத்தின் விஷுவல் எஃபெக்ட்ஸ் செய்தவர்களில் ஒருத்தர் பெயர்கூட வரவில்லையே என்று கேள்வி நேரத்தில் நான் கேட்டதற்கு, "அது முழுக்க குப்ரிக்கோட மூளைங்க, மத்தவங்க எல்லாம் சொன்னதைச் செஞ்ச கைகள்" என்று பதில் வந்தது. அதோடு விட்டிருந்தால்கூடப் பேசாமல் போயிருப்பேன். சாட்டில் யாரோ "ரோட்டோ பண்றவங்களுக்கு எப்பவும் இதே பிரச்சினைதான்" என்று போட, அதைப் பேச்சாளர் சத்தமாகப் படித்துச் சிரித்தார். கூட நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஆமாம், நான் ரோட்டோ பண்றவள்தான். ஷாட்டில் இருக்கிற உருவத்தின் ஓரத்தை ஒவ்வொரு ஃப்ரேமாகக் கோடு போட்டுப் பிரித்தெடுக்கிற வேலை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1968 ஏப்ரலில் வந்த படம் அது. சினிமாவில் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் புழக்கத்துக்கு வராத காலம். படத்தில் விண்கப்பலை நடத்துகிற ஹால் என்கிற கம்ப்யூட்டரைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கிற அத்தனை திரைகளும், அந்த எண்களும் கோடுகளும், கையால் செய்து கேமராவில் ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்த அனிமேஷன். திரைக்குப் பின்னால் 16 எம்எம் புரொஜெக்டர் வைத்து ஓட்டினார்கள். விண்வெளியிலிருந்து பூமி எப்படித் தெரியும் என்பதற்குக்கூட நல்ல கலர் ஆதாரம் கையில் இல்லை, அப்போலோ 8-இல் போனவர்கள் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம் வந்ததே 1968 டிசம்பரில்தான். இல்லாததை யோசித்து வரைய வேண்டும், வரைந்ததை நிஜம் என்று நம்ப வைக்க வேண்டும். இதை ஒரே மூளை செய்தது என்று சொல்கிறவர் ஒரு நாளாவது ஒரு ஷாட்டின் முன்னால் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

டிஸ்கவரி என்கிற அந்த விண்கப்பல் மெதுவாகக் கடந்து போகிற ஷாட்டை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் பின்னணி இசையைப் பற்றிப் பேசுவார்கள், மௌனத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தக் கப்பலின் பெரிய மாடல் 54 அடி நீளம். மாடல் என்று தெரியக்கூடாது என்றால் முன்நுனியிலிருந்து பின்நுனிவரை எல்லாம் ஷார்ப்பாக இருக்க வேண்டும், அதற்கு லென்ஸின் வாயைச் சிறிதாக்க வேண்டும், சிறிதாக்கினால் வெளிச்சம் போதாது, ஆகவே ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பல விநாடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். கேமரா கண்ணுக்கே தெரியாத வேகத்தில் நகரும். ஒரு ஷாட் எடுத்து முடிக்க மணிக்கணக்காகும். இது முடிந்ததும் மாடல் முழுவதையும் கறுப்பாக்கிவிட்டு, ஜன்னல்களுக்குள் மட்டும் மனிதர்கள் நடமாடுகிற படத்தைப் புரொஜெக்ட் செய்து, அதே நகர்வை மறுபடியும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். அதே ஃபிலிமில். ஒரு நூலிழை பிசகினால் ஜன்னல் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம்.

அதே ஃபிலிமில் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இந்தப் படத்தின் உயிர். ஒரு ஃபிலிமிலிருந்து இன்னொரு ஃபிலிமுக்குக் காப்பி எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு காப்பிக்கும் படம் மங்கும், புள்ளி புள்ளியாகும். அதனால் எடுத்த நெகட்டிவைக் கழுவாமலே குளிரில் பத்திரமாக வைத்திருந்து, மாதக்கணக்கில் கழித்து, சிலது ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து, வெளியே எடுத்து அதன் மேலேயே அடுத்த பகுதியை எடுத்தார்கள். நிலவில் தோண்டிய பள்ளத்துக்குள் விண்வெளி உடையோடு இறங்கிப் போகிற காட்சி இங்கிலாந்தில் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் முதலில் எடுத்தது, சுற்றியிருக்கிற நிலாத்தரை ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து அதே நெகட்டிவில் ஏறியது. தப்பினால் திரும்ப எடுக்க அந்த செட்டும் கிடையாது, நடிகர்களும் கிடையாது. நான் ஒரு ஷாட்டில் தவறு செய்தால் கன்ட்ரோல் இசட் அழுத்துகிறேன். அவர்களுக்கு அது இல்லை. அந்த மனிதர்கள் எப்படித் தூங்கினார்கள் என்று நான் நிஜமாகவே யோசித்திருக்கிறேன்.

அப்புறம் நட்சத்திரங்கள். கப்பல் போகும்போது அதன் உடம்புக்குள் நட்சத்திரம் தெரியக்கூடாது. மிகச் சின்ன விஷயம், யாருமே கவனிக்க மாட்டார்கள், தப்பாக இருந்தால் மட்டும் கவனிப்பார்கள். அதற்கு என்ன வழி? கப்பலின் உருவத்தை ஒவ்வொரு ஃப்ரேமாகப் பெரிதாக்கி, கோட்டின் மேல் கோடு வைத்து வரைந்து, உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து நட்சத்திரங்களை மறைக்க வேண்டும். விநாடிக்கு 24 ஃப்ரேம். இதைத்தான் இன்றைக்கும் சென்னையில் எத்தனையோ பேர் மானிட்டர் முன்னால் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம், பிரஷ்ஷுக்குப் பதிலாகக் கையில் பேனாவும் டேப்லெட்டும். ஓரம் ஒரு ஃப்ரேமில் லேசாக ஆடினால் போதும், ஓட விட்டுப் பார்க்கும்போது ஓரம் முழுக்கக் கொதிக்கிற மாதிரித் தெரியும். தலைமுடி வருகிற ஷாட் என்றால் கேட்கவே வேண்டாம். "கைகள்" என்கிறீர்களே, அந்தக் கோட்டை எங்கே நிறுத்துவது, மங்கலான ஓரத்தை எவ்வளவு உள்ளே விடுவது என்று முடிவு செய்வது எது? கை தானாக முடிவு செய்கிறதா?

சரி, பெயர்கள். வாலி வீவர்ஸ், டாம் ஹோவர்ட், கான் பீடர்சன், டக்ளஸ் ட்ரம்புல். இந்த நாலு பேர்தான் எஃபெக்ட்ஸ் சூப்பர்வைசர்கள். டாம் ஹோவர்ட் அதற்கு முன்பே இரண்டு ஆஸ்கர் வாங்கியவர், யாரோ கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்ற ஆள் இல்லை. ட்ரம்புல் 1942-இல் பிறந்தவர், படத்தில் சேரும்போது 23 வயது, ஹால் திரைகளுக்கு அனிமேஷன் செய்ய வந்த பையன். கடைசியில் விண்வெளி வீரர் ஒளிக்குள் பாய்ந்து போகிற அந்த ஸ்டார்கேட் காட்சிக்கு ஸ்லிட் ஸ்கேன் மெஷினைக் கட்டி ஓட்டியது அவர்தான். அதிலும் ஜான் விட்னி என்கிற அனிமேஷன் கலைஞரின் யோசனை ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேலே போனார், அவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஒரு கறுப்புத் தகட்டில் மெல்லிய பிளவு, பின்னால் வெளிச்சத்தில் நகர்கிற ஓவியங்கள், ஷட்டரைத் திறந்து வைத்தபடியே பிளவை நோக்கிக் கிட்டே வருகிற கேமரா. ஒரு ஃப்ரேமில் ஒரு பக்கத்து ஒளிச்சுவருக்கு மட்டும் ஒரு நிமிஷம் அளவுக்கு ஆகும். அப்புறம் மறுபக்கம். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரே ஒரு விநாடிப் படத்துக்கு முக்கால் மணி நேரம் தாண்டிவிடும். குப்ரிக் கேட்டது எதையோ ஊடுருவிப் போகிற மாதிரி ஒரு உணர்வை. அதற்குப் பிளவுத் தகட்டைக் கொண்டுவந்தது குப்ரிக் இல்லை.

இவ்வளவும் செய்த படத்துக்கு 1969-இல் எஃபெக்ட்ஸுக்கான ஆஸ்கர் கிடைத்தது. யாருக்கு? ஸ்டான்லி குப்ரிக்குக்கு. அவருக்கு மட்டும். வாழ்நாள் முழுக்க அவர் வாங்கிய ஒரே ஆஸ்கர் அது. இயக்கத்துக்கு இல்லை, எழுத்துக்கு இல்லை, எஃபெக்ட்ஸுக்கு. இதைக் கூட்டத்தில் நான் சொன்னபோது பேச்சாளர் "பாத்தீங்களா, அகாடமியே ஒத்துக்கிச்சு" என்றார். எனக்கு அந்த இடத்தில்தான் தொண்டை அடைத்தது.

இதற்கு வரப்போகிற பதில்கள் எனக்குத் தெரியும். விதிப்படி மூன்று பேருக்கு மேல் பெயர் போட முடியாது, இருந்தது நாலு பேர், அதனால் அப்படி ஆனது என்பீர்கள். மூன்று பேருக்குத்தான் இடம் என்றால் விதியை மாற்றக் கேட்டிருக்கலாம், அல்லது எல்லாருக்குமாக என்று மேடையில் ஒரு வார்த்தை சொல்ல ஏற்பாடு செய்திருக்கலாம். விதி என்பதை எப்போதும் கீழே இருப்பவனுக்குத்தான் காட்டுகிறார்கள்.

குப்ரிக் உண்மையிலேயே ஒவ்வொரு ஷாட்டிலும் தலையிட்டாரே என்பீர்கள். தலையிட்டார். மிக நன்றாகத் தலையிட்டார். ஆதிமனிதர் காட்சிக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகாமல், அங்கே எடுத்து வந்த ஸ்டில்களை ஸ்டுடியோவுக்குள் முன்பக்கமிருந்து புரொஜெக்ட் செய்து, பின்னால் ரோட்டோரப் போர்டுகளில் ஒட்டுகிற மாதிரியான ஒளி திருப்பும் பொருளைத் திரை முழுக்க ஒட்டி எடுத்த அந்த முறையில் அவர் டாம் ஹோவர்டோடு சேர்ந்து நின்றவர். அந்தப் பொருளின் ஒட்டு வரிகள் தெரிகிறது என்றதும், ஒழுங்கில்லாத சின்னத் துண்டுகளாகக் கிழித்துக் கண்டபடி ஒட்டச் சொன்னார்கள், அதன் பிறகு வரி மறைந்தது. சிறுத்தையின் கண் அந்தக் காட்சியில் தணல் மாதிரி மின்னுகிறதே, அது புரொஜெக்டர் வெளிச்சம் அதன் கண்ணில் பட்டு நேராகக் கேமராவுக்கே திரும்பி வருவதால். எவ்வளவு அழகான விஷயம்! இதையெல்லாம் பேசலாமே என்றுதான் நான் கேட்டேன். குப்ரிக்கைக் குறைத்துப் பேசச் சொல்லவே இல்லை. அவரை நான் சின்ன வயதிலிருந்து கும்பிடுகிறேன். கிழித்த துண்டுகளை ஏணியில் ஏறி ஒவ்வொன்றாக ஒட்டியவர்கள் யார் என்று யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது. அந்தப் பெயர்கள் எங்கேயும் இல்லை. என் ஆத்திரம் அதுதான்.

இன்னொருவர் இன்பாக்ஸில் வந்து, "டைரக்டர் இல்லாம டெக்னீஷியன் என்ன பண்ணுவான்" என்று கேட்டார். ட்ரம்புல் அதற்குப் பிறகு 'பிளேட் ரன்னர்' உட்பட என்னென்ன செய்தார் என்று அவரே தேடிப் பார்க்கட்டும். இதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நேரம் செலவழிக்க விருப்பமில்லை.

சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன், ஆனாலும் சொல்கிறேன். நான் வேலை செய்த முதல் பெரிய படம் வந்தபோது அம்மாவைத் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். படம் முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அம்மா எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெயர்கள் மேலே ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும், என் பெயரின் முதல் எழுத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தார். குப்பை கூட்டுகிற அக்கா பாப்கார்ன் டப்பாக்களைப் பொறுக்கிக்கொண்டே எங்கள் வரிசைக்கு வந்துவிட்டார். லைட் போட்டுவிட்டார்கள். என் பெயர் இல்லை. நான் வேலை செய்த கம்பெனியின் பெயர் மட்டும் ஒரு வரியில் வந்தது, எங்கள் டீமில் ஒருத்தர் பெயர்கூட இல்லை. அம்மா ஒன்றுமே கேட்கவில்லை, ஆட்டோவில் வரும்போது மட்டும், "வேகமா போயிடுச்சு, நான்தான் சரியா பார்க்கல போல" என்றார். அந்தப் படத்தில் ஒரு ஷாட்டுக்காக நாங்கள் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்திருக்கிறோம். டெட்லைன் நெருங்கியபோது எங்கள் லீட் ஆபீசிலேயே பாய் விரித்துப் படுத்தார். அவர் பெயரும் இல்லை.

இதைச் சொன்னால் "உன் சொந்தக் கோபத்தை 2001 மேல ஏத்தாதே" என்பீர்கள். ஏற்றினால் என்ன? அதே வேலை. அதே கோடு, அதே ஓரம். 1967-இல் இங்கிலாந்தில் ஒருவர் கறுப்புப் பெயின்ட் தொட்டு நட்சத்திரத்தை மறைத்துக்கொண்டிருந்தபோது அவர் வீட்டிலும் யாரோ படம் வரட்டும் என்று காத்திருந்திருப்பார்கள். நீங்கள் உலக சினிமா பேசுகிறீர்கள், ஃப்ரேமிங் பற்றிப் பேசுகிறீர்கள், ஒரு பேனா காற்றில் மிதக்கிற ஷாட்டை வைத்து அரை மணி நேரம் தத்துவம் பேசினீர்கள். அது ஒரு கண்ணாடித் தகட்டில் டபுள் சைட் டேப்பால் ஒட்டிய பேனா. கண்ணாடியை மெல்லச் சுற்றுவார்கள், பணிப்பெண் வந்து இயல்பாகப் பிய்த்து எடுப்பார். கண்ணாடியில் ஒரு விளக்கு பளிச்சென்று பட்டிருந்தால்கூட எல்லாம் போச்சு. தத்துவம் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியைப் பற்றி ஒரு நிமிஷம் பேசினால் தத்துவம் குறைந்துவிடுமா?

"குப்ரிக்கைவிட உனக்கு அதிகம் தெரியுமா" என்று கேட்ட தம்பிக்கு: தெரியாது. படத்தின் டைட்டிலை மட்டும் ஒரு தடவை முழுசாகப் பாருங்கள். எஃபெக்ட்ஸை வடிவமைத்து இயக்கியவர் என்று குப்ரிக் தன் பெயரைப் போட்டுக்கொண்டார், அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வாலி வீவர்ஸ், டக்ளஸ் ட்ரம்புல், கான் பீடர்சன், டாம் ஹோவர்ட் என்று நாலு பெயரையும் திரையில் போட்டிருக்கிறார். அவரே சொன்ன பெயர்களை அவருடைய ரசிகர்கள் நீங்கள் சொல்ல மறுக்கிறீர்கள்.

வீடியோவின் டிஸ்கிரிப்ஷனில் அந்த நாலு பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கூட்டம் நடத்தியவர்களுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது, பதில் இல்லை. இந்தப் பதிவைப் படிக்கிறவர்கள் யாராவது அந்தக் குழுவில் இருந்தால் அட்மினிடம் எடுத்துச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை வந்துவிடும் என்றால் மேலே இருக்கிறது, அப்படியே காப்பி பண்ணிக்கொள்ளலாம்.