ஜெராக்ஸ் கடையில் சட்டப் பாடம்

கோத்தகிரியில் பி.எட் படிக்கும் தங்கைக்காக நூலகப் புத்தகத்தில் ஒரே ஒரு அத்தியாயத்தை ஜெராக்ஸ் எடுக்கப் போனால், கடைக்காரர் பொடி எழுத்தில் இருக்கும் 'உரிமை பதிப்பாளருக்கே' வரியில் விரலை வைத்து, "கேஸ் ஆயிடும்ங்க" என்கிறார். அட, 1957 பதிப்புரிமைச் சட்டத்திலேயே படிப்புக்கு விலக்கு இருக்கிறது, 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு ஜெராக்ஸ் கடை வழக்கிலேயே அதை ஏற்றுக்கொண்டது. இந்தப் புத்தகம் அச்சிலேயே இல்லை. எழுதியவர் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது, ஆனால் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை ஓடுமாம், சரி, ஓடட்டும், காசு கொடுத்தாலும் கிடைக்காத புத்தகத்தை நகலெடுத்தால் யாருக்கு நஷ்டம்? இதற்காக வேறு கடை தேடி இந்த மழையில் மேட்டுப்பாளையத்துக்கா இறங்குவது? இதில் கூத்து என்னவென்றால், எனக்குப் பின்னால் நின்ற பையனுக்கு முழு கைடையும் நகலெடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார் அதே மனுஷர்.