ஜூரி பணிக்குப் போனால் முழுச் சம்பளம் கட்டாயமா?

ஜூரி என்பது வழக்கைக் கேட்டு முடிவு சொல்ல நீதிமன்றம் அழைக்கும் பொதுமக்கள் குழு. "அமெரிக்காவில் ஜூரி பணிக்குச் சம்மன் வந்தால், எத்தனை நாளானாலும் முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும், இது ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம்." அங்குள்ள தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

வேலை செய்யாத நேரத்துக்குச் சம்பளம் தரும்படி அந்நாட்டின் கூலி, வேலைநேரச் சட்டம் சொல்லவில்லை. ஜூரி பணியும் அதில் அடக்கம். தொழிலாளர் துறை இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜூரியாக இருந்ததற்காக நிரந்தர ஊழியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதுதான் சட்டம் தரும் பாதுகாப்பு. அந்த நீதிமன்றம் நாளுக்கு 50 டாலர் தரும்.

மற்றது மாநிலத்தைப் பொறுத்தது. மாசசூசெட்ஸில் முதல் 3 நாள் வழக்கமான சம்பளத்தை முதலாளி தர வேண்டும். கலிபோர்னியாவில் தனியார் நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயமில்லை. ஃபெடரல் அரசு ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அதைத்தான் யாரோ எல்லோருக்கும் நீட்டிவிட்டார்கள் போல.

அப்புறம், கிரீன் கார்டு, ஹெச்1பி காரர்கள் ஜூரியாக முடியாது. ஆனாலும் படிவம் வந்தால், குடியுரிமை இல்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

இந்தச் செய்தியை மேலும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். உங்கள் மாநில நீதிமன்றத்தின் தளத்தையும் அலுவலக விடுப்பு விதிகளையும் பாருங்கள்.