காற்று இரைச்சலை லோ கட்டால் முழுசாக எடுக்க முடியாது
வீடியோ கேமுக்காகக் கடற்கரையில் ஒலி பதிவது பற்றிய இந்தக் கட்டுரை, 'தனுஷ்கோடியில் எடுத்த வசனத்தில் காற்று அடித்திருந்தாலும் எடிட்டில் லோ கட் போட்டால் போதும்' என்று சொல்வது பாதிதான் சரி. லோ கட் என்பது தாழ்ந்த அலைவரிசைகளை வெட்டும் ஃபில்டர். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் மெல்லிய உறுமல் போகும். ஆனால் கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) மைக்கின் சவ்வையே அமுக்கி ஓவர்லோட் ஆக்கிவிட்டால், கரகரப்பு மேல் அலைவரிசை வரைக்கும் பரவிவிடும். அதை எந்த ஃபில்டரும் பிரித்தெடுக்காது. மிக உரத்த ஒலியையும் வெட்டுப்படாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் முறையில் எடுத்தால் கவலையில்லை என்று மேலே கருத்துரையில் ஒருவர் எழுதியிருக்கிறார். அது ரெக்கார்டரில் ஒலியின் உச்சம் வெட்டுப்படுவதை (கிளிப்பிங்) மட்டும்தான் தடுக்கும், மைக்குக்குள்ளேயே உடைந்த ஒலியைக் காப்பாற்றாது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் வெறும் ஸ்பாஞ்ச் உறை எதற்கும் ஆகாது. மைக்கைச் சுற்றி இடைவெளி விட்டு மூடும் பிளிம்ப் கூண்டும் அதன்மேல் முடி உறையும் வேண்டும். அந்த முடி உப்புப் பிசுக்கில் திரிதிரியாக ஒட்டிக்கொண்டால் காற்று இடுக்கு வழியே நேராக உள்ளே போகும். ஆகவே ராத்திரி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சீப்பால் சீவி வைக்கணும். கடற்கரை ஈரத்தில் சாதா கண்டென்சர் மைக் சடசடக்கலாம். சென்ஹைசர் எம்கேஎச் 416 மாதிரி ஆர்எஃப் (உயர் அலைவரிசை மின்சுற்றில் இயங்கும்) கண்டென்சர் வகை தாங்கும். கட்டுரை தொடாத இன்னொன்று: அலையை வசனத்தோடு சேர்த்து எடுக்காமல், கொந்தளிக்கும் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் 3 நிமிடம், அமைதியான பெண் கடல் (பாக் நீரிணை) பக்கம் 3 நிமிடம் என்று தனித்தனியாக எடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்காது. 20 வினாடித் துண்டைச் சுற்றவிட்டால் அதே அலை திரும்பத் திரும்ப உடைவது, கேமில் ஒரே இடத்தில் நிற்பவர் காதுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும்.