ஏஐ பாட்டைக் கேட்பதில்லை, ஃபேடரைத்தான் நகர்த்துகிறது

"எம்சிபி வழியாக ஏஐ ஏஜென்ட்டை மிக்சரில் இணைத்தால் அதுவே பாட்டைக் கேட்டு மிக்ஸ் பண்ணிவிடும்" என்று எழுதியிருப்பது தவறு அண்ணாச்சி. எம்சிபி என்பது ஏஐ வெளிக் கருவிகளை இயக்க உதவும் இணைப்பு முறை, அவ்வளவுதான். பெஹ்ரிங்கர் எக்ஸ் 32 என்ற டிஜிட்டல் மிக்சரை எடுத்துக்கொள்ளுங்கள்: நெட்வொர்க்கில் அதன் யூடிபி 10023 போர்ட்டில் போவது ஓஎஸ்சி எனும், மிக்சரை இயக்கும் சின்னச் சின்னக் கட்டளைகள்தான், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு 0.75 அனுப்பினால் 0 டெசிபலில் (ஒலியைக் கூட்டாமலும் குறைக்காமலும் விடும் நிலை) போய் நிற்கும், அவ்வளவே. ஒலி அந்த வழியில் வராது. மீட்டர் எண்களைக் கேட்டு வாங்கலாம், சரி, ஆனால் எண் வேறு, காதில் விழும் பாட்டு வேறு. தக்கலைப் பக்கம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் சோதித்தபோது, "பாடகர் குரலைக் கொஞ்சம் கூட்டு" என்றதும் ஃபேடர் தானாக ஏறியது, பார்க்க அருமைதான்; போதும் என்று சொன்னது என் காது. அப்புறம், அந்தப் போர்ட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. மிக்சர் வைஃபையை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஃபேடர் ஏறும் உச்ச அளவை ஏஐக்கும் மிக்சருக்கும் நடுவில் ஓடும் புரோகிராமிலேயே கட்டிப்போடுங்கள்.