ஓடுகிற வண்டிக்கு எதற்கு அஞ்சலி?

போன வாரம் எல்லார் போனிலும் ஓடிய அந்த விடுதி வாசல் வீடியோவைப் பற்றித்தான். மறுபடி இங்கே பகிரப் போவதில்லை. அந்தப் பெரியவரைப் பார்த்து ஏற்கெனவே போதுமான பேர் சிரித்தாகிவிட்டது.

பச்சைப் பெயின்ட், கிரீம் கலர் டயர், பழுப்பு சீட்டு, முன்னால் பிரம்புக் கூடை. அந்த 'ரெட்ரோ' சைக்கிளில் சாய்ந்து ஒரு பெண் நிற்கிறார், பின்னால் ராமநாதபுரம் பக்கத்து மண்டபம் ஊர்க் கடல். ஓரத்தில் மீன்பெட்டி கட்டிய கறுப்பு வண்டியோடு பெரியவர் வருகிறார். "ஐயா, வண்டிய அங்கிட்டுத் தள்ளுங்க, படத்துல விழுது" என்கிறார் காவலாளி. அவரும் பேசாமல் தள்ளிக்கொண்டு போகிறார். மேலே எழுத்து ஓடுகிறது: "எங்க அப்பா காலத்து சைக்கிள். மிஸ் யூ."

காவலாளி மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் சம்பளத்துக்கு நிற்கிறவர். அந்தப் பெண் மேலும் பெரிதாக இல்லை. அந்த வரி மேல்தான் கோபம். எந்த வண்டியைக் காணோம் என்று உருகுகிறீர்களோ, அதே வண்டியைத்தான் அந்த நிமிஷம் படத்தை விட்டு வெளியே தள்ளினீர்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். அந்த வண்டி எங்கேயும் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டாதீர்கள்.

நம்பாதவர்கள் விடியற்காலையில் வேதாளைக்கோ புதுமடத்துக்கோ வாருங்கள். கரையில் மீன் ஏலம் முடிந்ததும் யார் எதில் கட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று பாருங்கள். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டுப் பாதைகளில் பாருங்கள். கீழக்கரைச் சந்துகளில் பாருங்கள். பாதி மட்கார்டு போன வண்டி, சீட்டுக்குப் பதில் சாக்கு சுற்றிய வண்டி, பெல்லைத் தவிர மற்றதெல்லாம் சத்தம் போடும் வண்டி, எல்லாம் ஓடுகிறது. உங்கள் தெருவில் ஓடவில்லை என்றால் உலகத்திலேயே ஓடவில்லை என்று அர்த்தமா?

"இப்ப எல்லாரும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு மாறிட்டாங்கக்கா, சும்மா உணர்ச்சிவசப்படாதீங்க" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். மாறியிருக்கிறார்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. மாற முடிந்தவர்கள் மாறினார்கள். வண்டித் தவணையும் பெட்ரோலும் கட்டியது போக மீனில் ஏதாவது மிஞ்சினால்தானே மாற முடியும்? மிஞ்சாதவர் சைக்கிளில் இருக்கிறார். இந்த வயதில் எதற்கு மோட்டார் என்று நினைப்பவரும் சைக்கிளில் இருக்கிறார். அவர்களெல்லாம் கணக்கில் வர மாட்டார்களா தம்பி?

இன்னொருவர் கொஞ்சம் நிதானமாக விளக்கினார். பழைய வடிவத்தைத் திரும்பக் கொண்டுவருவது உலகம் முழுக்க நடப்பதுதான், ராலே சாப்பரைப் பாருங்கள் என்றார். சாப்பர் கதை எனக்கும் தெரியும். 1963ல் அமெரிக்காவில் ஷ்வின் கம்பெனி ஸ்டிங்ரே என்று ஒரு சிறுவர் சைக்கிளை விட்டது. வாழைப்பழம் மாதிரி நீள சீட்டு, தோளுக்கு ஏறும் ஹேண்டில்பார். அதற்குப் போட்டியாக இங்கிலாந்தின் ராலே கொண்டுவந்ததுதான் சாப்பர். முன்சக்கரம் சிறிசு, பின்சக்கரம் பெரிசு, பார் மேலேயே காரில் இருப்பது போல கியர். 1970களில் அந்த ஊர்ப் பிள்ளைகள் அதற்காக ஏங்கினார்கள். 1980களில் நின்றுபோனது. 2023ல் அச்சு அசலாகத் திரும்ப விட்டார்கள், விலை 950 பவுண்டு, வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்தது. சின்ன வயதில் கிடைக்காத ஒன்றை நரைத்த தலையோடு வாங்கி ஓட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரு குறையும் இல்லை. சந்தோஷமாக ஓட்டட்டும்.

ஆனால் அங்கே அந்த வண்டி நிஜமாகவே கடையை விட்டுப் போயிருந்தது. போனதைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சாப்பரில் மீன் கட்டிக்கொண்டு வந்த யாரையும் ராலேயின் ஊரான நாட்டிங்ஹாமில் ஓரம் போகச் சொல்லவில்லை. அதையும் இதையும் ஒரே தட்டில் வைத்தால் நான் என்ன பதில் சொல்வது?

நம் கறுப்பு வண்டியும் இங்கிலாந்து அச்சில் வந்ததுதான். 1949ல் முருகப்பா குழுமம் ஒரு பிரிட்டிஷ் கம்பெனியோடு சேர்ந்து டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. 1951ல் சோனிபட்டில் அட்லஸ், 1956ல் லூதியானாவில் ஹீரோ. 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக் (ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி), மூட்டை தாங்கும் கேரியர். அங்கே நாட்டிங்ஹாமில் 2002ல் ராலே ஆலையே நின்றுபோனது. இங்கே அந்த வண்டி செய்வது நிற்கவில்லை. ஆனாலும் அட்லஸின் சாகிபாபாத் ஆலை 2020 ஜூன் 3 அன்று வேலையை நிறுத்தியது. உலக சைக்கிள் தினமும் அதே நாள்தான். வாசலில் ஒட்டிய நோட்டீஸைப் படித்துவிட்டுத் தொழிலாளிகள் வீட்டுக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு உங்களில் எத்தனை பேர் மிஸ் யூ எழுதினீர்கள்?

சரி, எனக்கு ஏன் இவ்வளவு பொத்துக்கொண்டு வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு.

என் அப்பா மீன் விற்றவர். வேதாளையில் ஏலம் எடுத்து, உச்சிப்புளி, பெருங்குளம் என்று உள்ளூருக்குள் சைக்கிள் மிதித்தவர். டபுள் பார் போட்ட வண்டி. கேரியரில் பெட்டி, ஹேண்டில்பாரில் ரப்பர் ஹாரன். 1988ல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு தங்கச்சிமடம் வரைக்கும் போய்வருவார். அதற்கு முன்னால் தீவுக்குப் போக ரயிலோ தோணியோதான். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பாலத்தின் மேல் ஏறி மிதிக்க முடியாது, இறங்கித் தள்ளித்தான் போக வேண்டும். காற்று வண்டியை அப்படியே பக்கவாட்டில் சாய்க்கும், பெட்டி எடை வேறு.

அவர் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பின்சக்கரத்தைக் கழுவுவது. மீன் தண்ணி பெட்டியின் அடியில் கசிந்து மட்கார்டு வழியாக ரிம்முக்கு இறங்கும். ஐஸ், உப்பு, செதில் எல்லாம் சேர்ந்த தண்ணி. ஸ்போக்ஸ் ரிம்மில் சேரும் இடத்தில் அது தேங்கினால் சில மாதத்தில் துரு பூத்து, கம்பி ஒன்றொன்றாகத் தெறிக்கும். ஊற்றிலிருந்து அம்மா தலையில் சுமந்து வந்த நல்ல தண்ணியில் ஒரு செம்பு அதற்குப் போகும். "குடிக்கவே தண்ணி இல்ல, வண்டிக்குக் குளியலா" என்று அம்மா சத்தம் போடுவார். அப்பா பதில் சொல்ல மாட்டார். பழைய துணியால் துடைத்து, ஃப்ரீவீலில் எண்ணெய் விட்டு, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். கரகரவென்றால் இன்னும் ஒரு சொட்டு.

கம்பி பிரேக்கை ஏன் விடாமல் வைத்திருந்தார்கள் என்று அந்த வீடியோ எடுத்தவர்களுக்குத் தெரியுமா? பார்க்க அழகு என்பதற்காக இல்லை. ஒயர் பிரேக்கில் துரு உறைக்குள்ளே பிடிக்கும். ஒரு நாள் அறுகிற வரைக்கும் வெளியே தெரியாது. கம்பி என்றால் துரு கண்ணில் படும், தேய்த்து எண்ணெய் போடலாம், வளைந்தால் சுத்தியலால் தட்டி நிமிர்த்தலாம். உப்புக் காற்றில் பிழைக்க அதுதான் தோது. அந்த விடுதி சைக்கிளை நானும் போய்ப் பார்த்தேன். வெளியே பழைய சாயல், உள்ளே ஒயர் பிரேக். கேரியரில் 10 கிலோவுக்கு மேல் வைக்காதே என்று ஸ்டிக்கர். எங்கள் ஊர் பஞ்சர் கடை அண்ணனிடம் ஒன்று ரிப்பேருக்கு வந்ததாம். "இதுக்குச் சாமான் இங்க கிடைக்காதும்மா, மதுரைக்குத்தான் போகணும்" என்றார். அதன் விலைக்கு ராமநாதபுரத்தில் இரண்டு கறுப்பு வண்டி எடுக்கலாம்.

இதைச் சொன்னால் "உங்களுக்குப் பொறாமை" என்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதுவரை இங்கே எழுதியதில்லை. நான் படித்த பள்ளியில் ஒரு ஆண்டு விழா. அப்பா வியாபாரத்தை முடித்துக்கொண்டு நேராக வந்திருந்தார். வண்டியைக் கழுவித்தான் வந்தார், எனக்குத் தெரியும். ஆசிரியர் ஒருவர் கேட்டுக்கு வந்து, "வண்டிய வெளிய நிறுத்திட்டு வாங்க, வாடை அடிக்குது, விருந்தாளிங்க வர்றாங்க" என்றார். உள்ளே மற்ற சைக்கிள்கள் வரிசையாக நின்றன. அப்பா சரி சார் என்று தள்ளிக்கொண்டு போனார். வெளியே நிறுத்தினால் பெட்டி திருடு போகும், அதனால் உள்ளே வரவே இல்லை. நான் மேடையில் பரிசு வாங்கியதை அவர் பார்க்கவில்லை.

அந்தக் காவலாளி "அங்கிட்டுத் தள்ளுங்க" என்றதும் பெரியவர் தள்ளிய விதத்தைப் பார்த்தீர்களே, தலையைக் குனிந்து, வேகமாக, யாருக்கும் இடைஞ்சல் வரக் கூடாது என்று. எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. உங்களுக்கு அது நகைச்சுவை. "ஒரிஜினல் ரெட்ரோ வந்துட்டாருடோய்" என்று எழுதிச் சிரிப்புப் பொம்மை போட்டீர்கள்.

இதற்குக் கீழே வந்து "அது ஒரு ஜாலி கமென்ட் அக்கா" என்று எழுதப் போகிறவர்களே, தாராளமாக எழுதுங்கள். உங்கள் ஜாலியில் ஒரு ஆள் எப்போதும் வெளியே நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் இந்தக் குழந்தைப் பருவ சைக்கிள் ஏக்கம். வாடகைக்கு எடுத்தோம், குரங்கு பெடல் போட்டோம், முட்டி பேர்த்தோம் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் யார் என்று பாருங்கள். ஆம்பிளைகள். எங்கள் தெருவில் வாடகைக் கடைக்காரர் பொம்பளைப் பிள்ளைக்கு வண்டி தர மாட்டார். நான் கற்றுக்கொண்டது அப்பா மதியம் தூங்கும் நேரத்தில், அதே மீன் வண்டியில், பாவாடையைச் சொருகிக்கொண்டு. பார்த்த பெரியம்மா அம்மாவிடம் வந்து சண்டை போட்டார். 1991ல் பக்கத்துப் புதுக்கோட்டையில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சண்டை கொஞ்சம் ஓய்ந்தது. 2001ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்ததும் என் சித்தப்பா மகள் அதில்தான் பள்ளிக்குப் போனாள். அந்த அரசு சைக்கிளைப் பற்றி யாராவது உருகி வீடியோ போட்டீர்களா? அதை டப்பா வண்டி என்றுதானே கேலி செய்தீர்கள். எந்தச் சைக்கிளை நினைத்து உருகலாம், எதைக் கேலி செய்யலாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

சரி, எங்கேயோ போய்விட்டேன். விஷயத்துக்கு வருகிறேன். சுற்றுலா வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார். 2017ல் அரிச்சல்முனை வரைக்கும் சாலை வந்த பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு நாலு வேலை கிடைத்திருக்கிறது, உண்மை. பச்சைச் சைக்கிளில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் என்ன தப்பு. "எங்க அப்பா காலத்து சைக்கிள்" என்று மட்டும் போடாதீர்கள். என் அப்பா காலம் முடிந்துவிட்டது, அவர் போய்ச் சில வருஷம் ஆகிறது. அவர் வண்டி போகவில்லை. ரிம் இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது, பெட்டி பிளாஸ்டிக் ஆகிவிட்டது, பார் அதே பார். சித்தப்பா இன்றைக்குக் காலையிலும் அதில்தான் வியாபாரத்துக்குப் போனார்.

விடுதிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு தகவல். அந்தப் பெரியவர் உங்கள் வாசலுக்குச் சும்மா வரவில்லை. உங்கள் சமையல்காரர்தான் மீன் கேட்டு வரச் சொல்லியிருந்தார், வீடியோவின் கடைசியில் பெரியவர் பின்வாசலில் மீனை எடை போட்டு நிற்பதும் தெரிகிறது. உங்கள் வாடகைச் சைக்கிள்கள் நிற்கிற கூரைக்கடியில் இன்னும் ஒரு வண்டிக்கு இடம் இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் அந்த நிழலை அவருக்கு விடுங்கள், ஐஸாவது உருகாமல் இருக்கும். அவருக்குத் தர வேண்டிய பாக்கியையும் கொடுத்துவிடுங்கள்.