செத்த பவளம்தானே என்கிறார்கள்

நேற்று முன்தினத்திலிருந்து என் முகநூல் பக்கத்தில் நடக்கும் கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சித்தி மகன் அந்தமான் போய்வந்து படங்கள் போட்டான். ஹேவ்லாக் தீவு, ராதாநகர் கடற்கரை, குழந்தைகள் கையில் இளநீர். எல்லாவற்றுக்கும் விருப்பம் போட்டேன். கடைசிப் படத்தில் உள்ளங்கையில் ஒரு பவளக் கிளை. "மீன் தொட்டிக்கு! விமான நிலையத்தில் யார் கண்ணிலும் படவில்லை" என்று பெருமை வேறு. "இதை எடுத்து வந்திருக்கக் கூடாது தம்பி" என்று ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. அதற்குள் எனக்குச் 'சுற்றுச்சூழல் போலீஸ்' என்று பின்னூட்டங்களில் பட்டம் கட்டியாகிவிட்டது.

மறுபடியும் சொல்கிறேன். கடலில் கிடப்பதை எடுத்து வராதீர்கள்.

"செத்த பவளம்தானே, கரையில் கிடந்ததுதானே?" செத்ததுதான். கையில் இருப்பது எலும்பு. கடுகளவு உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பு சுரந்து கட்டிய வீடு அது. உருண்டைப் பாறையாக வளரும் வகை ஒரு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். செத்த பிறகும் அதற்கு வேலை ஓயவில்லை. அலையின் வேகத்தை உடைக்கிறது. புதிய பவளம் ஒட்டி வளர இடம் கொடுக்கிறது. கடைசியில் பொடிந்து மணலாகிறது. நீங்கள் வெறுங்காலோடு நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த வெள்ளை மணல் வேறு எங்கிருந்து வந்ததாம்? கிளிமீன் பவளத்தைக் கொறித்துப் பின்னால் கழித்ததும் அதில் சேர்த்தி. அதில் படுத்துத்தான் செல்ஃபி எடுக்கிறோம்.

சட்டம் தெரியாது என்பவர்களுக்கு: 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் புலி இருக்கிறது. பவளமும் அதே அட்டவணையில்தான் இருக்கிறது. புலித்தோலை உள்ளங்கையில் வைத்துப் படம் போடுவீர்களா?

"கடலூர்க்காரனுக்குக் கடலைப் பற்றிப் பாடம் நடத்தாதே" என்று ஒருவர். நானும் கடலூர்தான் ஐயா, தேவனாம்பட்டினத்து மணலில் விழுந்து எழுந்தவன்தான். நம் கரையில் இருப்பது மணல். பவளத்திட்டு பார்க்க மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். கடலோரம் பிறந்ததாலேயே எல்லாக் கடலும் தெரிந்துவிடுமா என்ன?

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு தோண்டி எடுக்க வேண்டாம். பத்து வருடங்களுக்கு முன்பு நாங்களும் அந்தமான் போனோம். நீல் தீவில் என் மகன் ஒரு சங்கைப் பொறுக்கினான். பழுப்புக் கோடுகள் போட்ட, சுண்டுவிரல் நீளச் சங்கு. காதில் வைத்துக் கேட்டோம், துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தோம். அன்றிரவு விடுதி அறையில் கரகரவென்று சத்தம். கரப்பான் என்று நினைத்துச் செருப்பால் பெட்டியைத் தட்டிவிட்டுத் தூங்கினேன். விமானம், சென்னை, பஸ், கடலூர். இரண்டு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால் நாற்றம். சங்கின் வாயிலிருந்து ஒரு நண்டு பாதி உடல் வெளியே நீட்டியபடி, கால்களைத் துண்டின் நூலில் மாட்டிக்கொண்டு செத்துக் கிடந்தது. துறவி நண்டு. காலிச் சங்குதான் அதற்கு வீடு. மகன் அன்று சாப்பிடவில்லை. செருப்பால் தட்டியது நான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்துகொள்வான், அவனும் முகநூலில் இருக்கிறான்.

"கிரேட் நிக்கோபாரில் லட்சக்கணக்கான மரங்களை வெட்டப்போகிறார்களே, அதைக் கேட்கத் துப்பில்லையா?" இது நியாயமான கேள்வி. அந்தத் தீவின் கலாத்தியா விரிகுடா, லெதர்பேக் என்னும் கடலாமை ஏறி முட்டையிடும் கரை, அங்கே துறைமுகம் கட்டப்போகிறார்கள் என்பதில் எனக்கும் வயிறு எரிகிறது. ஆனால் இதைக் கேட்டவர் அதைப் பற்றி இதுவரை ஒரு வரி எழுதியதில்லை. நான் அவர் பக்கத்தில் மூன்று வருடம் பின்னோக்கிப் போய்த் தேடிவிட்டேன். பிறந்தநாள் வாழ்த்துகள்தான் இருக்கின்றன.

"ஆலைக் கழிவு கலக்கும் நம்மூர் உப்பனாற்றை முதலில் பார்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தினமும் பாலத்தைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.

அந்தமானில் ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்று இரண்டு தீவுகள். இரண்டையும் சேர்த்துத் திறப்பதில்லை. ஒன்றில் ஆட்கள் போனால் மற்றது ஓய்வெடுக்கும். பவளத்துக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்! நம் வீட்டில் அம்மாக்களுக்கே அந்தச் சலுகை கிடையாது. அந்த ஊரில்போய் ஒரு கிளையை முறித்துச் சட்டைக்குள் சுருட்டி வருகிறோம். சரி, முறிக்கவில்லை, பொறுக்கினான். அதே பேச்சுதான்.

வருத்தம் பவளத்தைப் பற்றி மட்டும் இல்லை. முப்பது வருடம் தூக்கி வளர்த்த தம்பி, யாரோ என்னைக் 'கிறுக்கு அண்ணன்' என்று எழுதியதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான்.

இன்று காலை சித்தி போன் செய்தார். "அவன் முகமே வாடிவிட்டது, அந்த ஒரு வரியை எடுத்துவிடு கண்ணு" என்றார். எடுத்துவிட்டேன் சித்தி. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.